வெள்ளிக்கிழமை லீவும் ஐந்து வருட லீவும்

பிள்ளைகளே, அம்மா ஏன் போனாள் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் "நாட்டு நிலைமை" என்று சொல்லித் தப்பிவிடுகிறேன். அது பாதி உண்மைதான். மீதியை வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

டொலர் இல்லாமல் நாடு படுத்துக் கிடந்த காலம் அது. நான் கண்டி டவுனில் ஓர் அச்சகத்தில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். கடதாசி வராததால் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. உங்கள் மாமாவுக்கு அதுவும் இல்லை. அவன் டைல்ஸ் பதிக்கிறவன். டைல்ஸ் இறக்குமதியை நிறுத்தியிருந்தார்கள், வீடு கட்டவும் ஆளில்லை. முழுச் சம்பளம் வந்தது அம்மா ஒருத்திக்குத்தான். அரசாங்க ஆபிஸில் கிளார்க்.

அப்போது அரசாங்கம் ஒரு வழி சொன்னது: அரச ஊழியர்கள் வெள்ளிக்கிழமையில் வேலைக்கு வர வேண்டாம், வீட்டில் மரக்கறி பயிரிடுங்கள் என்று. கட்டுகஸ்தோட்டையில் நாம் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்பக்கம் முழுக்க சீமெந்துத் தரை. மாமா எங்கிருந்தோ அரிசிச் சாக்கில் மண் சுமந்து வருவான். அம்மா அதில் கத்தரியும் மிளகாயும் நடுவாள். நான் தண்ணீர் வாளியோடு நின்று பேசிக்கொண்டிருப்பேன்.

"நல்ல அரசாங்கம். வேல இருக்கிறவங்களுக்கு லீவு குடுக்குது. எனக்குப் பாருங்க மச்சான், வாரம் பூரா வெள்ளிக்கிழமதான்" என்பான் மாமா.

நான் விட மாட்டேன். அச்சகத்தில் பேப்பர் படிக்கிறவன் என்ற நினைப்பு எனக்கு. அரச ஊழியர்கள் சம்பளமில்லாத லீவில் ஐந்து வருடம் வெளிநாட்டில் வேலை செய்யலாம், உத்தியோகமும் பென்ஷனும் போகாது என்று சுற்றறிக்கை வந்தபோது, அதையும் நான்தான் தூக்கிப் பிடித்தேன்.

"ஆபிஸ்ல ஆள் ரொம்பக் கூட. போறவங்க போனா இங்க சம்பளம் மிச்சம், அங்கருந்து டொலர் வரும். ரெண்டு பக்கமும் லாபம்டா."

"ஆள ஏத்துமதி பண்றதுக்கு ஒரு அரசாங்கமா? ரோட்டப் போடட்டும், ஸ்கூலக் கட்டட்டும். நாலு பேருக்கு இங்கயே வேல வரும்ல."

"எந்தக் காசுல கட்டுறது?"

"என்னயக் கேட்டா? நீங்கதான மந்திரி மாதிரி பேசுறீங்க!"

அம்மா சிரிப்பு தாங்காமல் சாக்கைக் கவிழ்த்துவிடுவாள். "ரெண்டு கட்சியும் பிளேன்டீயக் குடிச்சிட்டு சண்ட போடுங்க" என்பாள். இல்லாத காலம்தான். பாலும் சீனியும் இல்லாத தேநீர், பெரும்பாலும் அடுப்புக்குக் காஸும் இல்லை. ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமைகளுக்கு மனசு ஏங்குகிறது. முழங்கை வரை மண்ணோடு அவள் பக்கத்தில் இருந்தாள். பேச்சு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் அவள் நாற்றை நட்டபடியே கேட்டாள்: "அப்ப யாரு போகணும்னு சொல்றீங்க?"

"போக முடிஞ்சவங்க போகட்டும்" என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

அடுத்த வெள்ளிக்கிழமை லீவு விண்ணப்பத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். சைப்பிரஸில் ஒரு வயதான பெண்ணைப் பார்த்துக்கொள்ளும் வேலை. "நீங்க சொன்னதுதான். நம்ம வீட்டுல போக முடிஞ்சவ நான்தான்" என்றாள்.

போகாதே என்று சொல்லத்தான் நினைத்தேன். மாமா என்னையே பார்த்தான். "இப்பப் பேசுங்க மச்சான்" என்றான். அவன் கேலி செய்யவில்லை, கெஞ்சினான். இத்தனை வாரம் வாதாடிவிட்டு இப்போது மாற்றிப் பேசினால் அவன் முன்னால் என்ன மரியாதை? "சட்டம் நல்ல சட்டம்தான்" என்றேன். அம்மா கை கழுவப் போனாள்.

அவள் அனுப்பிய பணத்தில்தான் நீங்கள் படிக்கிறீர்கள். அதை நான் மறைக்கவில்லை. மாமாவுக்கும் இப்போது கொஞ்சம் வேலை வருகிறது. என்னோடு வாதாடுவதை மட்டும் அவன் விட்டுவிட்டான்.

லீவு முடியப் போகிறது. சைப்பிரஸ் வீட்டில் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்களாம். இருந்தால் இங்கே அரசாங்க வேலையை விட வேண்டும். போன வாரம் நீங்கள் டியூஷனுக்குப் போயிருந்த நேரத்தில் அம்மா போன் எடுத்து, என்ன செய்யலாம் என்று கேட்டாள். நான் ஆரம்பித்தேன்: "இப்ப நாடு கொஞ்சம் எழும்பி வருது, ஆனா வரி..."

"நாட்ட விடுங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

"நீ வந்துரு" என்றேன். "அன்னிக்கும் நீ போறது எனக்குப் பிடிக்கல."



"அன்னிக்கே சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பேங்க" என்றாள். "ஆனா நீங்க சொல்லியிருக்கணும்."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் உங்களோடு பேசுவாள். எப்போதும் போல "நாங்க நல்லா இருக்கோம்மா" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். வரச் சொல்லிக் கேளுங்கள்.