புன்ரே புதைத்த மட்டி

கடலுக்குக் குறுக்கே சுவர் எழும்பிய பிறகு கல்மொரி என்ற கடற்கரை ஊரில் பிழைப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சவில்லை. சுவரின் மதகைத் திறந்தால் கொஞ்சம் கடல்தண்ணீர் வரும், மூடினால் சேறு காயும். சேற்றில் மட்டிச் சிப்பி எடுத்தே பிள்ளைகளை ஆளாக்கிய பெண்கள் வெங்காய வயலுக்குக் கூலிக்குப் போனார்கள். குவாக் புன்ரேயும் போனாள். ஆனால் கோடையில் ஆஸ்திரேலியாவிலிருந்து புவியியல் மாணவர்கள் களப்பயிற்சி என்று வந்து இறங்கினால், வயலை மறந்துவிட்டு அவர்களைச் சேற்றுக்கு அழைத்துப் போவது அவள்தான்.

முதல் முறை வந்த பிள்ளைகள் காலையெல்லாம் கொத்திவிட்டு வெறும் வாளியோடு கரையேறினார்கள். புன்ரேக்குப் பொறுக்கவில்லை. வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவதைவிட அந்தக் கரையில் வேறு பெரிய அவமானம் கிடையாது. அடுத்த ஆண்டிலிருந்து டவுன் சந்தையில் உயிர் மட்டியை மூட்டையாக வாங்கி வந்து, பக்கத்து வீட்டு மால்சுன்னைக் கூட்டிக்கொண்டு சேற்றில் புதைத்து வைத்தாள். ஊர்த்தலைவர் பியோ சாங்கிலுக்கும் தெரியும். ஊருக்கே தெரியும். விருந்தாளிகளுக்கு மட்டும் தெரியாது.

"ஏன்டி இவ்ளோ ஆழமாப் புதைக்கிற? அந்தப் பிள்ளைங்க இடுப்பு ஒடிஞ்சிடும்டி!" என்பாள் மால்சுன்.

"கஷ்டப்பட்டு எடுத்தாத்தான்க்கா சூப்பு ருசிக்கும்."

தானே புதைத்தது என்று தெரிந்தும், பிள்ளைகளோடு தோண்டுகையில் களைக்கொத்தில் மட்டி தட்டுப்படும்போதெல்லாம் புன்ரேயின் நெஞ்சு துள்ளும். பைத்தியக்காரத்தனம்தான், என்ன செய்ய?

இந்த ஆண்டு வந்த பிள்ளைகள் கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்து, கிடைத்த மட்டியையெல்லாம் தோண்டி எடுத்து எண்ணினார்கள். இதுவும் ஒரு விளையாட்டு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கடைசி நாள், ஊர்க்கூடத்தில் மாணவர்கள் தாங்கள் கண்டதைச் சொன்னார்கள். முன்வரிசையில் மதகு அலுவலக அதிகாரி. தினமும் இரண்டு கடலேற்றத்துக்கும் மதகைத் திறந்துவிடுங்கள் என்று பெண்கள் வருடக்கணக்காகக் கெஞ்சிய ஆள் அவர்தான். வெளியார் சொன்னாலாவது அவர் காதில் ஏறட்டும் என்று சாங்கில்தான் கூப்பிட்டிருந்தார். டெஸ் என்ற மாணவி பேசப் பேச, சியோலிலிருந்து கூட வந்த நாயுன் மொழிபெயர்த்தாள்.

"இந்தச் சேறு சாகலையாம். எல்லாச் சதுரத்துலயும் மட்டி இருக்காம். மதகை இப்பத் திறக்கிற அளவே போதும்னு தோணுதாம்."

அதிகாரி கைதட்டினார். "பாத்தீங்களா? நாங்க சொன்னா நம்ப மாட்டீங்க. இப்ப வெளிநாட்டுப் பிள்ளைங்களே சொல்லுது."

புன்ரே வாயைத் திறந்தால் ஊர் பொய்யூர் ஆகும். திறக்காவிட்டால் மதகு இனி இதற்கு மேல் திறக்கவே திறக்காது. பேசாதே என்று சாங்கில் கண்ணாலேயே மிரட்டினார். அவள் எழுந்துவிட்டாள்.

"அந்த மட்டி சந்தையில வாங்கினது. நான்தான் புதைச்சேன்."

நாயுன் தயங்கினாள். "அம்மா, இதையும் சொல்லணுமா?"

"ஒரு வார்த்தை விடாமச் சொல்லும்மா."

டெஸ்ஸின் முகம் வெளுத்தது. அதிகாரி மட்டும் சிரித்தார். "அப்ப இத்தனை வருஷமா எங்ககிட்ட அழுத அழுகையும் இப்படி வாங்கிட்டு வந்ததுதானா?"

புன்ரேக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

"நாளைக்குக் காலையில வாங்க சார். உங்க கையாலயே தோண்டிப் பாருங்க."

அதிகாரி வந்தார், ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு. மாணவர்கள் பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போட்டார்கள். சேற்றில் கால் வைத்தே பல காலமான பெண்களும் களைக்கொத்தோடு இறங்கினார்கள். புன்ரே புதைக்காத இடங்களில் எங்கே தோண்டினாலும் கருஞ்சேறும் அழுகிய நாற்றமும். எப்போதோ செத்த மட்டிகளின் ஓடுகள், வாய் பிளந்தபடி. டெஸ் புதிதாகக் கயிறு கட்டி, ஒவ்வொரு சதுரமாகக் குனிந்து பார்த்து நிமிர்ந்தாள். வெயில் ஏற ஏற ஒவ்வொருவராகக் கையை உதறினார்கள். அதிகாரியும் நிறுத்திவிட்டார்.

புன்ரே மட்டும் நிறுத்தவில்லை. இங்கே ஒன்றும் இல்லை என்று எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவள் அவள். அதைக் காட்டத்தான் இத்தனை பேரையும் இழுத்து வந்திருந்தாள். இருந்தும் முட்டி போட்டு, தோண்டிய குழியை விட்டு அடுத்த குழிக்கு நகர்ந்துகொண்டே இருந்தாள். மால்சுன் போய் அவள் கையைப் பிடித்தாள்.

"போதும்டி. எல்லாரும் பாத்துட்டாங்க. எந்திரி."

"இரு அக்கா, இன்னும் கொஞ்சம்" என்றாள் புன்ரே, தலை நிமிராமல். "ஒண்ணாவது இருக்கும்."

அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.