சுவரில் தொங்கிய படிப்பு

மருந்துக்கடைக்கு ஆய்வு வருகிறது என்று காற்றுவாக்கில் சேதி வந்தால் முகம்மது மீரான் எனக்குத்தான் போன் அடிப்பார். "தளவாய், மருமவள சீக்கிரம் கூட்டிட்டு வாலே." நானும் ஆட்டோவை எடுப்பேன்.

அந்த மருமகள் முஹ்ஸினா. அச்சன்புதூர்ப் பெண். பி.பார்ம் படித்த நாலு வருஷமும் என் ஆட்டோவில்தான் காலேஜ் போய் வந்தாள். வழியெல்லாம் மருந்துப் பெயர்களை ஒப்பிப்பாள். கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்தாலும் உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான் என்று எனக்கே பாடம் நடத்தியிருக்கிறாள். "கடையில நின்னு, வாரவங்களுக்கு வெளங்கச் சொல்லணும் அண்ணாச்சி" என்பாள். அவளுக்கு அது ஒன்றுதான் ஆசை.

துபாயில் இருக்கும் ஹம்தானுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணம் முடிந்த கையோடு அவன் வாப்பா மீரான் தென்காசியில் மருந்துக்கடை திறந்தார். கடைக்குப் படித்த ஆள் வேண்டும் என்பது சட்டம். அவள் சர்ட்டிபிகேட் போட்டோவோடு சுவரில் ஏறியது. அவள் அடுப்படிக்குப் போனாள். நானும் கடைக்கு வருகிறேன் என்று கேட்டதற்கு மாமியார் ஹைருன் பீவி சொன்னாராம்: "அதான் சர்ட்டிபிகேட்டு தொங்குதுல்லா, நீ வேற எதுக்குட்டி நிக்கணும்?" கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆட்டோக்காரன் பேச்சு எந்த வீட்டில் எடுபடும்?

அதனால் ஆய்வு நாள்தான் அவளுக்குப் பெருநாள். வெள்ளைக் கோட்டைத் தேய்த்து மடியில் வைத்துக்கொண்டு வருவாள்.

போன சாரல் சமயத்தில் ஆய்வு முடிந்து அவள் கிளம்பும் நேரம், மாடக்கண்ணு என்ற விவசாயி இரண்டு மருந்துச் சீட்டுகளோடு வந்தார். இரண்டு டாக்டர் எழுதியது. முஹ்ஸினா பார்த்ததும் பதறிவிட்டாள்.

"ஐயா, ரெண்டும் ஒரே சுகர் மருந்துதான், பேருதான் வேற. சேத்துப் போட்டா சுகர் எறங்கி மயக்கம் வந்துரும். இத நிறுத்திருங்க. சந்தேகம்னா நாளைக்கி இங்கன வாங்க, சொல்லுதேன்."

திரும்பும்போது ஆட்டோவில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்படி ஒரு சிரிப்பு. மறுநாள் தன்னைக் கடைக்கு விடமாட்டார்கள் என்பதே அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கு மறந்துபோயிருந்தது.

மனுஷர் மறுநாள் வந்தார். எந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னாள் என்பது அவருக்கு மறந்துவிட்டது. கடையில் வேலைக்கு நிற்கும் பேச்சிராஜ் மட்டும் இருந்தான்; இதெல்லாம் பிறகு அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அட்டையின் நிறம் பார்த்து மருந்து கொடுக்கிறவன்.

"நேத்து இருந்த புள்ள எங்கன?"

"அது வராதுய்யா. டாக்டர் எழுதுனதப் போடும்."

இரண்டையும் கொடுத்து அனுப்பினான். அந்த வாரமே வயலில் மயங்கி விழுந்தவர் எழவில்லை.

காரியம் முடிந்து அவர் மனைவி மாடத்தி மிச்ச மாத்திரைகளோடு கடைக்கு வந்தாள். வாசலில்தான் நான் வண்டியைப் போட்டிருந்தேன். சுவரிலிருந்த போட்டோவையே பார்த்தாள். "இந்தப் புள்ளயா? இதப் பாக்கத்தான மறுநா வந்தாவ."

"அது லீவு" என்றார் மீரான்.

அடுத்த ஆய்வுக்கு முஹ்ஸினாவை ஏற்றி வந்தபோது என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மடியிலிருந்த கோட்டை நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "என்னையத் தேடுனாரா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டாள். நான் தலையாட்டினேன்.

கடையில் இறங்கிக் கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு அம்மா சீட்டை நீட்டி, "இத எப்படித் தாயி போடணும்?" என்று கேட்டாள்.

முஹ்ஸினா சீட்டைத் தொடவில்லை.

"நாளைக்கி நான் இங்கன இருக்க மாட்டேம்மா" என்றாள்.