சந்தனமாரி நின்று பொங்கிய அடுக்களை

அந்தத் தெருவிலேயே அடுப்புக்கு மேடை கட்டி, நின்றுகொண்டு சோறு பொங்கிய முதல் பெண் சந்தனமாரிதான். அவளுடைய கருப்பட்டிக் கடை வீட்டில் வெள்ளைக்காரத் துரைசாணி வீட்டு அடுக்களை வந்திருப்பதாக எதிர்வீட்டு முத்துக்கனி எட்டிப் பார்த்துவிட்டுப் போய் ஊர் பூராவும் சொன்னாள். புகை கண்ணில் ஏறாமலிருக்க அப்படிக் கட்டியதாகச் சந்தனமாரி கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள்.

அது பொய். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவளுக்கு இடது முழங்கால் சரியாக மடங்கவில்லை. நடந்தால் தெரியாது. தரையில் உட்கார்ந்துவிட்டால் மட்டும், சுவரைப் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும். இது புருஷன் அய்யாக்குட்டிக்கு மட்டும் தெரியும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் பிள்ளை இல்லாதவளை ஊர் பேசியது போதாதா? காலும் போயிற்று என்று அதே வாயில் விழ அவளுக்கு மனமில்லை.

அது யுத்த காலம். பர்மாத் தேக்கு வருவது நின்றுபோயிருந்தது. அடுக்களைக்கு அலமாரி வேண்டும் என்றதும் மரக்கடை ஜெயசிங் பச்சை வர்ணம் அடித்த ஒன்றை இழுத்து முன்னால் வைத்தார். விலையும் குறைவு, பார்க்கவும் லட்சணம் என்றார். சந்தனமாரி கதவைத் திறந்து, வர்ணம் படாத உள்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"மாம்பலகை அண்ணாச்சி. ரெண்டு மழைக்கு உப்பிரும். வேண்டாம்."

அடுத்த வாரம் கடற்கரையில் பழைய தோணி ஒன்றைப் பிரித்துப் பலகையை விற்றார்கள். முப்பது வருஷம் உப்புத் தண்ணீர் குடித்த தேக்கு. கறையான் கிட்டவே வராது. ஆணி ஓட்டை நிறைய இருந்ததால் வீட்டு வேலைக்கு என்று யாரும் கேட்கவில்லை, மலிவாகக் கிடைத்தது. பார்க்க அழகாயில்லையே என்று அய்யாக்குட்டி இழுத்தான். அலமாரியைக் கட்டிக்கொண்டா தூங்கப்போகிறோம் என்று அவள் வண்டியைக் கூப்பிட்டாள்.

தோணி கட்டும் ஓடாவி அம்புரோஸ் புன்னைக்காயலிலிருந்து வந்து வேலையை எடுத்துக்கொண்டார்.

"ஒங்க வீட்டுச் சொவரு ஒண்ணாவது நேரா இருக்கா தங்கச்சி?" என்றார். "இருக்கட்டும். தோணில நான் நேரான எடத்தை எங்கன கண்டேன்."

கோணல் சுவருக்குத் தக்கபடி ஒவ்வொரு பலகையையும் இழைத்து, கரப்பான் நுழைய இடம் விடாமல் பொருத்தினார். அடுப்புக்குச் செங்கலும் சிப்பிச் சுண்ணாம்பும் வைத்து மேடை எழும்பியது. சந்தனமாரியை நிறுத்தி, அவள் இடுப்புக்குக் கயிறு பிடித்து அளந்து, மேலே கடப்பாக் கல் பதித்தார்கள். அன்று அவள் வலியில்லாமல் ஒரு பானைச் சோறு பொங்கி இறக்கினாள். சந்தோஷத்தில் கண் கலங்கியது. புகை என்று சொல்லிக்கொண்டாள்.

கொழுந்தன் தாணுலிங்கத்துக்கும் அந்த மேடைதான் இடம். தாயில்லாத பிள்ளை, பத்து வயதிலிருந்து அவள் கையால் தின்று வளர்ந்தவன். கடையிலிருந்து வந்ததும் மேடையில் சாய்ந்துகொண்டு, "மதினி, என்ன இருக்கு?" என்பான். அவனுக்குச் சீனித்தாயைக் கட்டி வைத்து ஒரு வருஷத்தில், தனிக்குடித்தனம் என்று பெண் வீட்டார் சொல்லியனுப்பினார்கள். சண்டை ஒன்றுமில்லை. வீட்டைப் பிரிப்பது என்று முடிவாயிற்று.

மூத்தவன் பங்கு வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். அது அவர்கள் வழக்கம். முன்கட்டு ஒரு பங்கு, அடுக்களை உள்ள பின்கட்டு ஒரு பங்கு என்றால் தம்பி எதை எடுப்பானோ? அய்யாக்குட்டி யோசித்தான். தெருவைப் பார்த்த சரக்கு அறை முன்கட்டோடு தானாகவே போயிற்று. மச்சையும் அதில் சேர்த்தான். பொதுவில் இருந்த ஊஞ்சலையும் கொண்டுபோய் அங்கே மாட்டினான்.

"ஏளா, இதுக்கு மேலயும் பின்கட்டைக் கிறுக்கன்தான் எடுப்பான். ஒன் அடுக்களை ஒனக்குத்தான்" என்றான்.

ஏரலிலிருந்து தாய்மாமன் வன்னியபெருமாள் வந்து நடுவில் உட்கார்ந்தார். தாணுலிங்கம் எழுந்து முன்கட்டை ஒரு முறை பார்த்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான்.

"நல்லதை எல்லாம் ஒரு பக்கமா எனக்குன்னு வச்சிருக்கான் அண்ணன். எனக்குத் தெரியாதா மாமா? அவன் தெருவாசல்ல பெரிய மனுசனா இருக்கட்டும். எனக்குப் பின்கட்டு போதும்."

மாமன் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். இப்படி ஒரு தம்பி யாருக்கு வாய்ப்பான் என்று வந்தவர்கள் உருகிப்போனார்கள். அய்யாக்குட்டி வாயைத் திறந்தான். சந்தனமாரி அவன் வேட்டி முனையைப் பிடித்து இழுத்தாள்.

"சொல்லாதீங்க" என்றாள் மெதுவாக. "புள்ள மனசாரக் குடுக்கான்."

அலமாரி சுவரோடு பொருத்தியது, மேடை தரையோடு கட்டியது, இரண்டையும் பெயர்த்துக் கொண்டுபோக முடியாது. பானைகளை மட்டும் எடுத்துக்கொண்டு அவள் முன்கட்டுக்கு வந்தாள். இங்கேயும் ஒரு மேடை கட்டித் தருகிறேன் என்று அய்யாக்குட்டி மன்றாடினான்.

"எதுக்குன்னு தாணு கேப்பான். காலைச் சொல்லணும். சொன்னா அவனுக்கு அங்கன ஒரு வாய்ச் சோறு எறங்காது" என்று தடுத்துவிட்டாள். நடையில் மூன்று கல்லைக் கூட்டி, இடது காலை நீட்டிப் போட்டு, சேலையால் மூடிக்கொண்டு பொங்கினாள்.

மூன்றாம் மாதம் தாணுலிங்கம் வந்து நின்றான்.

"மதினி, சீனி குட்டைலா. மேடை அவளுக்கு நெஞ்சு வரைக்கும் வருது. கொத்தனாரு வந்திருக்காரு. இடிச்சிரலாமா? ஒங்களுக்கு வருத்தம்னா வேண்டாம்."

சந்தனமாரி அடுப்பை ஊதுவதற்குக் குனிந்துகொண்டாள்.

"இடிச்சிக்கோய்யா. அது சும்மா புகைக்குக் கெட்டுனதுதானே. தரையில இருந்து பொங்குறதுதான் சொகம். நானே இங்கன இருந்துதான பொங்குதேன்."

அவனுக்கு மனம் லேசாகிவிட்டது. தன் கல்யாணத்துக்குப் பின் மதினியோடு பேச நேரமே கிடைக்கவில்லை என்று சுவரில் சாய்ந்துகொண்டு, கடைச் செய்தி, மாமனார் வீட்டுச் செய்தி என்று பேசத் தொடங்கினான். பின்கட்டில் கடப்பாரை விழுந்துகொண்டிருந்தது. சோறு வெந்துவிட்டது. பானையை இறக்கி வடிகலயத்துக்குக் கொண்டுபோக அவள் எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் அவன் பார்த்துவிடுவான். அவள் அவனைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து 'உம்' கொட்டிக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"மதினி, சோறு அடிப்பிடிக்குது" என்றான் அவன்.

"பிடிக்கட்டும். நீ சொல்லு" என்றாள்.