யேசபேலின் தண்ணீர்

"வாயைத் திற" என்றாள் ட்வைலா.

எட்டு வயது ஜெமைமா, வீட்டில் மைமா, உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டு தலையாட்டினாள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அவளுடைய அண்ணன் ஆமோஸ் அம்மா கையிலிருந்த தண்ணீர் கிளாஸை வாங்கி, மடக் மடக்கென்று குடித்து முடித்தான்.

"ஒட்டகச்சிவிங்கி ருசி" என்றான். "அடியில கொஞ்சம் யானை இருக்கு."

"அம்மா, பாரு அவனை!"

வியாழக்கிழமை ட்வைலா வீட்டிலேயே பிள்ளைகளுக்கு நடத்திய பாடம் வெள்ளிக்கிழமை காலை இந்த நிலைக்கு வந்திருந்தது. பாடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பூமிக்குப் புதிதாகத் தண்ணீர் வருவதில்லை, இருப்பது எங்கும் போவதுமில்லை. அதேதான் ஆவியாகி ஏறுகிறது, மழையாகி இறங்குகிறது. ட்வைலா புத்தகத்தில் இல்லாத ஒரு வரியைச் சொந்தமாகச் சேர்த்தாள்: "நோவா பேழைக்கு அடியில ஓடின தண்ணிதான் இப்ப நம்ம கிணத்துலயும் இருக்கு." சொன்னதும் அவளுக்கே புல்லரித்தது.

மைமா கையைத் தூக்கினாள். "பேழையில பாத்ரூம் இருந்துச்சா?"

"பைபிள்ல அதெல்லாம் போடல, கண்ணு."

"அப்ப அத்தனை மிருகமும் எங்க போச்சு?"

"போனதை அள்ளி வெளிய கொட்டியிருப்பாங்க" என்றாள் ட்வைலா. சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மைமா ஜன்னல் வழியே கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே மைமா தண்ணீர் குடிப்பது நின்றது. இரவு பால் குடித்தாள். பால் யேசபேல் என்ற ஆட்டினுடையது. "யேசபேல் எதைக் குடிக்குதாம்?" என்று ஆமோஸ் கேட்டான், பாலும் நின்றது. மிஞ்சியது டப்பாவில் வரும் பீச் பழச்சாறு மட்டும். அதில் மூன்று டப்பா காலியாகிவிட்டது. குளிப்பதில்லை என்றும் அறிவித்திருந்தாள். சங்கடம் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை ஓடையில் அவளுக்கு ஞானஸ்நானம். முழுக்கு ஞானஸ்நானம், தலை உள்ளே போய்த்தான் வர வேண்டும்.

அவள் அப்பா கார்லண்ட் எரிவாயு லாரி ஓட்டுகிறவன். அதிகம் பேச மாட்டான். வெள்ளிக்கிழமை லாரியில் ஏறும்போது பேசினான்.

"ட்வைலா, நீ சயின்ஸ் சொல்லிக் குடுத்துப் பிள்ளை தண்ணி குடிக்கிறதை மறந்துட்டா. ஞாயித்துக்கிழமை ஓடையில இறங்கலேன்னா, திங்கக்கிழமை ரெண்டு பேரும் மஞ்சள் ஸ்கூல் பஸ்ல ஏறட்டும். அவ்வளவுதான்."

மஞ்சள் பஸ் அவர்கள் வீட்டுத் தபால்பெட்டிக்கு முன்னால்தான் தினமும் வேகத்தைக் குறைக்கிறது. யாரும் ஏறாததால் மறுபடி வேகமெடுக்கிறது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ட்வைலா பாடத்தை உரக்க வாசிப்பாள். ஆமோஸ் பள்ளிக்குப் போன ஒரே வருடத்தை மேசைக்கு அடியில் உட்கார்ந்து கழித்தவன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் போய் அவனைக் கூட்டிக்கொண்டு வந்து, சமையலறை மேசையைத் துடைத்து, எதிரே உட்காரவைத்தாள். அதற்கு முன் அவள் செய்த வேலை கோழி ஆலையில் இறக்கை வெட்டுவது. அறிவியல் என்று அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். புத்தகத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் முன்னால் போய்க்கொண்டிருப்பாள், சில நாள் அரைப் பக்கம். இப்போது ஆமோஸ் வாயை மூடுவதே இல்லை. மற்றவர்களுக்கு அது தொல்லை. ட்வைலாவுக்கு அதுதான் பட்டம்.

மத்தியானம் சபைப் போதகர் பிரதர் ஹாலிஸ் வந்தார். முழுக்குக்கு முன் பிள்ளைகளிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைக் கேட்க வந்தவர்.

"என்ன ஜெமைமா, ஞாயித்துக்கிழமைக்குத் தயாரா? மனசுல சந்தேகம் ஏதாவது இருக்கா?"

"ஒண்ணு இருக்கு, பிரதர். காண்டாமிருகம் ஒரு நாளைக்கு எவ்வளவு மூத்திரம் போகும்?"

பிரதர் ஹாலிஸ் ட்வைலாவைப் பார்த்தார். ட்வைலா கூரையைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த ஐஸ் டீயைப் பாதியிலேயே மேசைமேல் வைத்துவிட்டு, ஜெபித்துக்கொள்வதாகச் சொல்லிக் கிளம்பினார்.

சனிக்கிழமை காலை ட்வைலா அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அங்கே இருந்தது மருந்து. தண்ணீர் ஆவியாகும்போது தான் மட்டும் ஏறும், அழுக்கைக் கீழேயே விட்டுவிடும். பெரிய பாத்திரத்தில் உப்பும் நீலச் சாயமும் கரைத்தாள். நடுவில் ஒரு கோப்பை. மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டி, அதன் நடுவில் ஒரு கூழாங்கல். வெயிலில் வைத்ததும் தாளின் அடியில் முத்து முத்தாக வேர்த்து, சரிந்து, கோப்பையில் சொட்டியது.

"பாத்தியா? நீலமும் இல்ல, உப்பும் இல்ல. பேழையில இருந்து வந்த தண்ணியும் இப்படித்தான். எத்தனை ஆயிரம் தடவை மேல போய்ட்டு வந்திருக்கும்!"

மைமா கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். "நீலமா யாரு மூத்திரம் போவாங்க?"

"இது ஒரு உதாரணம்டி."

"உதாரணம் வேணாம். நிஜத்துல செஞ்சு காட்டு."

ட்வைலா பதில் சொல்வதற்குள் ஆமோஸ் கேக் சுடும் தட்டை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான்.

யேசபேல் அப்படியெல்லாம் எளிதில் இறங்கிவருகிற பிறவி இல்லை. தட்டு பின்னால் வந்தால் நடந்தது, தட்டு நின்றால் நின்று திரும்பி முறைத்தது. வேலியைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். "போ யேசபேல், அறிவியலுக்காக!" என்று ஆமோஸ் கெஞ்சுவது ரோடு வரைக்கும் கேட்டது. கடைசியில் அவன் களைத்துப்போய்த் தட்டைக் கீழே வைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்ட நேரத்தில், அது தானாக வந்து தட்டின்மேல் நின்று முடித்துக்கொடுத்தது.

அதைப் பாத்திரத்தில் ஊற்றி, அதே மாதிரித் தாள் கட்டி வெயிலில் வைத்தார்கள். சாயங்காலம் கோப்பையில் ஒரு கரண்டி அளவு சேர்ந்திருந்தது. கண்ணாடி மாதிரித் தெளிவு. பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்றார்கள். கார்லண்ட் அப்போதுதான் லாரியை விட்டு இறங்கி, வலைக்கதவுக்கு வெளியே வந்து நின்றான்.

"நீ குடி" என்றாள் மைமா.

ட்வைலா கரண்டியை முகத்தருகே கொண்டுபோனாள். வாசனை வந்தது. வாசனையைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு சொல் இல்லை. தபால்பெட்டி நினைவுக்கு வந்தது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே விழுங்கினாள்.

"எப்படி இருக்கு? பொய் சொல்லக் கூடாது."

அவள் பொய் சொல்வதில்லை. "கொஞ்சம்…" என்றாள். "கொஞ்சம் யேசபேல் தெரியுது."

ஆமோஸ் தரையில் விழுந்து புரண்டான். "அம்மா ஆட்டு மூத்திரம் குடிச்சிட்டா! அப்பா! அம்மா ஆட்டு மூத்திரம் குடிச்சிட்டா!"

மைமா சிரிக்கவில்லை. அம்மாவை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"வயிறு வலிக்குதா?"

"இல்ல."

"இன்னைக்குப் போனதுக்கே உனக்கு ஒண்ணும் ஆகல."

"ஆகல."

"நோவாவோடது ரொம்பப் பழசு" என்றாள் மைமா. குழாயடிக்குப் போய் ஒரு கிளாஸ் பிடித்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் குடித்தாள். இரண்டு நாள் தாகம். இன்னொன்றும் குடித்தாள்.

கார்லண்ட் கதவைத் திறந்து உள்ளே வந்தான். மனைவியை முத்தமிடக் குனிந்தவன், யோசித்து, நிமிர்ந்துகொண்டான்.

"முதல்ல பல் தேச்சிட்டு வா" என்றான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பத்தரை மணிக்கு எல்லோரும் ஓடைக்குப் போனார்கள். சற்று மேலே பக்கத்துப் பண்ணையின் பசு ஒன்று முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டிருந்தது. மைமா அதைப் பார்த்தாள், அதுவும் பார்த்தது. பிரதர் ஹாலிஸ் அவள் மூக்கின்மேல் கைக்குட்டையை வைத்து அவளைத் தண்ணீருக்குள் அழுத்தி எடுத்தார். அவள் வாயை இறுக மூடியிருந்தாள். மதியம் வறுத்த கோழியும் உருளைக்கிழங்கு சாலடும். கார்லண்ட் பஸ் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த பாடம் என்ன என்று கேட்டான். மண் என்றாள் ட்வைலா. மண்ணுக்குள் என்ன இருக்கும் என்று மைமா கேட்டாள். சாப்பிட்டு முடி, அப்புறம் சொல்கிறேன் என்றாள் ட்வைலா. மூன்று மணிக்கு மழை வந்தது. ஆமோஸ் முற்றத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றான். யேசபேல் கொட்டகைக்குள் போய்விட்டது.