வாசலைத் தாண்டட்டும்

அந்த ஜவுளிக்கடையில் எல்லோரும் அவரைக் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாகத் திருடர்களைப் பிடிப்பதுதான் வேலை.

"எப்படிண்ணே கண்டுபிடிக்கிறீங்க?" என்று கவுண்டரில் இருப்பவள் வாயைப் பிளப்பாள்.

"மூஞ்சி பொய் சொல்லும்மா. கையப் பாக்கணும். ஒளிக்கிறவன் கை தன்னால காட்டிக்குடுத்துடும்."

பிடிப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. உள்ளே இருக்கும்போது தொட்டால், "பணம் கட்டத்தான் போறேன்" என்று தப்பித்துவிடுவார்கள். பொருளோடு வாசலைத் தாண்ட வேண்டும். அதுவரை மூச்சு விடக் கூடாது. கழுகின் பொறுமை அப்படிப்பட்டது.

அந்தப் பொறுமையை வீட்டுக்கும் கொண்டுவந்தாரே, அங்கேதான் புத்தி கெட்டது.

மழைக்காலத்தில் ஒருநாள் மனைவி கைப்பையை இடத்தோளிலிருந்து வலத்தோளுக்கு மாற்றினாள். அன்றைக்கே அவர் கண்ணில் பட்டுவிட்டது. அப்புறம் குளியலறையில் அரைமணி நேரம் தாழ்ப்பாள். மேல்தட்டு டப்பாவை எடுக்க இடது கையைத் தூக்குவதில்லை. அவர் உள்ளே வந்தால் சட்டென்று துணியைச் சரிசெய்துகொள்வாள்.

எதையோ ஒளிக்கிறாள். ஒளிக்கிறவள் தப்பு செய்தவள். அவருக்குத் தெரிந்த உலகத்தில் வேறு காரணமே கிடையாது. யாரோ ஒருவன் இருக்கிறான் என்று முடிவு கட்டினார். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. இப்போது கேட்டால் மழுப்பிவிடுவாள், வாசலைத் தாண்டட்டும்.

எட்டு மாதம் காத்திருந்தார் மனிதர்.

ஒருநாள் காலையில் அவள் சொல்லாமல் கிளம்பினாள். அவரும் அதே பஸ்ஸில் பின்வாசலில் ஏறினார். அவள் இறங்கி ஒரு பெரிய கட்டடத்தின் வாசலைத் தாண்டியதும், கடைப் பழக்கத்தில் இடத்தோளில் கை வைத்து, "கொஞ்சம் நில்லுங்க" என்றார்.

அவள் வலியில் துடித்துப்போனாள். அப்போதுதான் தலைக்கு மேலிருந்த பலகையைப் படித்தார். புற்றுநோய்ப் பிரிவு.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டுக் கோபப்பட்டார். "மார்ல இவ்ளோ பெரிய கட்டி, அக்குள் வரைக்கும் பரவியிருக்கு. ஆரம்பத்துலயே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். வீட்டுல யாரும் கவனிக்கலையா?"

"கவனிச்சாருங்க," என்றாள் அவள். "முதல் நாள்லேர்ந்தே."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் உடைந்துபோய்க் கேட்டார். "ஏன்டி சொல்லல?"

"பயங்க. வாய்விட்டுச் சொன்னா நிஜமாயிடுமோன்னு பயம். நீங்கதான் தினமும் என் கையவே பாத்துட்டு இருந்தீங்களே. இன்னைக்குக் கேப்பாரு, சொல்லி அழுதுடலாம்னு ஒவ்வொரு நாளும் இருந்தேன்." அவர் பக்கம் திரும்பிக் கேட்டாள். "நீங்க ஏங்க கேக்கல?"

பதில் அவருக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லும் தைரியம் கடைசிவரை வரவில்லை. மறுபடி கேட்க அவளுக்கும் அதிக நாள் இருக்கவில்லை.