அம்புட்டு போர்டுக்கும் சேருமாம் அந்த ரேம்!

மேலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டி.டி.பி. சென்டர் நடத்துகிறேன். அது ஆவணி மாதம், முகூர்த்த சீசன். கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் படத்தை வைத்தாலே கம்ப்யூட்டர் நின்றுவிடும். கூடுதல் ரேம் போட்டால் சரியாகும் என்றார்கள். மதுரைக்குப் பஸ் ஏறி, ஒரு கடையில் "256 ரேம் ஒண்ணு குடுங்கண்ணே" என்று கேட்டேன்.

"அம்புட்டு போர்டுக்கும் சேரும்க்கா, கொண்டு போய் மாட்டிக்கங்க" என்றார் கடைக்காரர்.

என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து செருகினார். உட்காரவில்லை. "அமுக்குனா போயிரும்" என்று கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். சடக்கென்று மதர்போர்டில் இருந்த ஸ்லாட் உடைந்தது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் ஆன் ஆகவே இல்லை. அப்புறம்தான் இரண்டு ரேமையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பழையதன் அடியில் இரண்டு வெட்டு, புதியதில் ஒன்றுதான்!

சண்டை போடுவதற்கென்றே மறுபடி மதுரைக்குப் போனேன். "இது புது ரகம்க்கா, உங்க போர்டு பழசு. பழைய ரேமைக் கையோட கொண்டாந்திருக்கணும்ல?" என்றார் அதே மனிதர், கொஞ்சமும் கூசாமல். சேலையை எடுத்துப் போகாமல் ஒரு நாளும் மேட்சிங் பிளவுஸ் துணி வாங்காதவள் நான்!

வேறு போர்டு வாங்கி மாட்டுவதற்குள் கையிலிருந்த பத்திரிகை வேலையெல்லாம் எதிர்க்கடைக்குப் போய்விட்டது.

இப்போது எது வாங்கினாலும் சி.பி.யூ.வையே தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறேன். கண்டக்டர் முறைத்துக்கொண்டே லக்கேஜ் டிக்கெட் கிழிக்கிறார். கிழிக்கட்டும். கடையிலேயே மாட்டி, ஓட்டிக் காட்டிய பிறகுதான் பர்ஸைத் திறக்கிறேன்.