இரண்டு மொட்டை

மாமா வாசலில் வந்து நின்றதும் நான் ஓடிப்போய் நெல்குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அடிப்பார் என்ற பயமெல்லாம் இல்லை. என் மாமா கொசுவைக்கூட ஊதித்தான் விடுவார். ஆனால் அவர் மகன் செத்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. செத்ததோ எங்கள் வீட்டில், என் பாய்க்குப் பக்கத்துப் பாயில். அவனுக்கு வந்த அதே காய்ச்சல்தான் எனக்கும் வந்தது. அவன் போய்விட்டான், நான் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டேன். அந்த மனுஷர் முன்னால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் நிற்பது?

மாமா அம்மாவின் அண்ணன். கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை. அத்தை அந்தப் பையனைப் பெற்றதோடு கண்ணை மூடிவிட்டாள். அதற்கப்புறம் மாமா, சுரங்கத்துச் சிநேகிதர்களோடு சேர்ந்து புத்தரைக் கும்பிட ஆரம்பித்திருந்தார். எங்கள் ஊரிலோ அப்போது எல்லைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. திருத்தணி மெட்ராஸோடு போயிற்று, நகரிப் பக்கத்தில் இருந்த நாங்கள் ஆந்திராவில் நின்றோம். ஆளாளுக்கு ஒரு பக்கம் சேர்ந்துகொண்டிருந்த காலம் அது என்பதால் நைனா, அதாவது என் அப்பா, மாமாவைப் ‘புத்தர் கட்சி’ என்று கேலி செய்வார். மாமா சிரித்துக்கொள்வார். பள்ளிக்கூட லீவுக்குத் தன் ஒரே பிள்ளையை எங்களை நம்பித்தான் அனுப்பியிருந்தார்.

காய்ச்சல் ஏறிய அன்று அம்மா திருமலை இருக்கும் திசையைப் பார்த்து, இரண்டு பிள்ளைகளையும் எழுப்பிக் கொடு, இரண்டு மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். சாமி பாதியைத்தான் காதில் வாங்கியது. பாதி பலித்த வேண்டுதலுக்கு முடி கொடுக்க வேண்டுமா, வேண்டாமா என்று வீட்டில் ஒரே வாக்குவாதம். என்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், எனக்கு இடுப்புவரை ஜடை. என்னை யார் கேட்டார்கள்! நைனாதான் தீர்ப்புச் சொன்னார். செத்தது அம்மா பிறந்த வீட்டுப் பிள்ளை, அதனால் எங்களுக்கு வருஷத் தீட்டு இல்லை, மலை ஏறலாம். மாமாவுக்குத் தீட்டு உண்டு. செத்தவனின் சொந்த வீட்டார் ஒரு வருஷம் மலை ஏறக்கூடாது.

அந்த மாமாதான் நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் வந்து நின்று, “நானும் வரேன்” என்றார்.

அம்மாவின் கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. “மலைக்கா? இன்னா அண்ணா பேசற? இன்னும் ஒரு வருசம் ஆவலியே!”

“கோயிலுக்குள்ள வரலம்மா. உங்க கூட நடந்துக்கினு வரேன், அவ்ளோதான்.”

மலையடிவாரத்து அலிபிரியில் விடியற்காலையில் படி ஏற ஆரம்பித்தோம். நான் மாமாவிடமிருந்து பத்துப் படி தள்ளியே நடந்தேன். அவர் விட்டால்தானே! நூறு படிக்கு ஒரு தடவை வந்து என் நெற்றியில் கையை வைப்பார். லேசாகச் சிரித்துவிட்டு மறுபடி ஏறுவார். எனக்கு உடம்பெல்லாம் கூசும். இவள் ஏன் இருக்கிறாள், அவன் ஏன் இல்லை என்று அந்தக் கை கேட்பதாக நான் முடிவு கட்டிவிட்டேன்.

பாதி மலையில் ஓர் அம்மாள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கி நின்றிருந்தாள். அவளுடைய நான்கு வயதுப் பிள்ளை படியில் படுத்துக்கொண்டு நடக்கமாட்டேன் என்று அழுதது. திருத்தணிப் பக்கம் என்றாள். “நீங்க அந்தப் பக்கம் பூட்டீங்களே” என்றார் நைனா. “நாங்க எங்கியும் போவலிங்க, கோடுதான் எங்களத் தாண்டிப் பூடுச்சி” என்றாள் அவள். எல்லோரும் சிரித்தோம். மாமா அந்தப் பிள்ளையை அப்படியே தூக்கித் தோளில் உட்கார்த்திக்கொண்டார்.

அதோடு விட்டாரா? குதிரை மாதிரி கனைத்தார். பிள்ளை அவர் காதைப் பிடித்து ஓட்டியது. மாமா சத்தம் போட்டுச் சிரித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படித்தான் அவனையும் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவில் ஓடுவார். நான்கு மாதத்தில் இன்னொரு பிள்ளையா? கண்ணெல்லாம் எரிந்தது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே கத்திவிட்டேன்.

“அவர்கிட்ட புள்ளயக் குடுக்காதீங்க! அவரு புள்ள செத்துட்டான்! தீட்டு!”

கோவிந்தா சொல்லிக்கொண்டு போனவர்கள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என் முதுகில் வைத்த அடி இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. மாமா மெதுவாகக் குனிந்து, யாரும் கேட்பதற்கு முன்னால் தானே பிள்ளையை இறக்கிவிட்டார். ஐயோ, அதைப் பார்த்தபோது பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது.

அந்த அம்மாள் பிள்ளையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு ஓடிவிடுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் படியிலேயே உட்கார்ந்தாள்.

“இன்னா பேரு உன் புள்ளைக்கு?” என்று கேட்டாள்.

நான்கு மாதமாக எங்கள் வீட்டில் யாருமே வாயில் எடுக்காத பெயர். மாமா சொன்னார். சொன்னவர் நிறுத்தவே இல்லை. சோறு துன்னும்போது பேசிக்கினே இருப்பான், பேசிக்கினே தூங்கிப்பூடுவான், வாயில இருக்கிற சோறு அப்படியே இருக்கும் என்றார். அந்த அம்மாள் சிரித்தாள். மாமாவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே ஓவென்று அழுதார். “எனுக்கும் ஒண்ணு அம்மையில பூடுச்சிண்ணா” என்று அவளும் அழுதாள். இரண்டு பேரும் நடுமலையில், முன்பின் தெரியாதவர்கள், ஒரு வாழையிலைப் புளிச்சோற்றைப் பங்கிட்டுத் தின்றார்கள். எழுந்ததும் அவள் தன் பிள்ளையைத் தூக்கி மறுபடி மாமாவின் தோளிலேயே உட்காரவைத்தாள்.

நைனா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை மறைக்கக் கேலி செய்தார். “உங்க புத்தரு அழக்கூடாதுன்னு சொல்லலியா மச்சான்?”

“அழாதன்னு சொல்லல மாப்ள. போனது போனதுதான்னு ஒத்துக்கச் சொல்றாரு. கோலார்ல தனியா குந்திக்கினு என்னால அது முடியல. அதான் உங்ககிட்ட ஓடியாந்தேன்.”

மேலே முடி இறக்குமிடத்தில் என் ஜடை தரையில் விழுந்தது. நான் அழுது முடிப்பதற்குள் மாமா என் பக்கத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாவிதரிடம் தலையைக் குனிந்து கொடுத்தார். அம்மா அலறிவிட்டாள்.

“உனுக்கு எதுக்கு அண்ணா? அவனத்தான் எடுத்துக்கிச்சே அந்தச் சாமி!”

“ரெண்டு மொட்டைன்னு வேண்டிக்கின இல்ல?”

“ரெண்டு பேரும் பொழச்சாத்தானே!”

“இவ பொழச்சாளே. அதுக்கே ரெண்டும் போடலாம்மா.”

பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். சொந்தப் பிள்ளையைப் பறிகொடுத்தவர் அடுத்தவர் பிள்ளை பிழைத்ததற்குத் தலை மழிப்பாரா? எந்த ஊரில் நடக்கும்? ஒன்பது வயதில் எனக்கு அவ்வளவுதான் கணக்குத் தெரியும். இறங்கும்போதும் அவர் வழியெல்லாம் என் மொட்டைத் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் கையைத் தட்டிவிட்டு நைனாவின் அந்தப் பக்கம் போய் நடந்தேன். மாமா அங்கேயும் வந்து தொட்டார். காய்ச்சல் இல்லை. ஒவ்வொரு தடவையும், தொட்டுப் பார்த்ததும் அவர் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.